மீதித் தண்ணீர்

எங்கள் தெருவில் யார் செத்தாலும் அதற்கு ஒரு காரணம் உடனே கிடைத்துவிடும். ஆம்பளை செத்தால் குடி. பிள்ளை பெற்றவள் செத்தால் மாமியார் வீடு. குழந்தை செத்தால் கண்ணேறு. பாடை கட்ட மூங்கில் வந்து இறங்குவதற்குள் காரணம் வந்து நடு வீட்டில் உட்கார்ந்துவிடும். என் மூத்த பையன் போனபோது நானும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு ஒரு முகம் இருந்தது. பக்கத்து வீட்டு மீன்காரியின் முகம். ஒரு வருஷம் அந்த முகத்தை மனதுக்குள் திட்டித் திட்டித்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் என் மகளுக்கும் அதே வாந்தி, அதே பேதி வந்தது.

அறுபதுகளின் கடைசி அது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் தெரு. ஒரே வரிசையாகப் பதினோரு வீடு. எதிரே, தெரு நீளத்துக்கும் ஒரு தொழிற்சாலையின் மதில். நான் ராயபுரத்தில் பிறந்து, மாதா கோயில் மணிச் சத்தத்துக்கு எழுந்து படுத்து வளர்ந்து, கல்யாணமாகி அங்கே வந்தவள். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வின்ச், அதாவது பாரம் தூக்குகிற இயந்திரம், ஓட்டுகிற வேலை. நான் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கினேன். எங்களுடையது பதினோராவது வீடு. தண்ணீர்க் குழாய் பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் நுழைந்து, முதல் வீட்டைத் தொட்டு, ஒவ்வொரு வீடாக வந்து எங்கள் வாசலில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் தண்ணீர் அதுவரை வந்ததில்லை.

குழாய் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்கு ஏறத் தண்ணீருக்குத் தெம்பில்லை. முதல் நாலைந்து வீடுகளில் இரும்பு டிரம்கள் நிரம்பிக்கொண்டிருக்கும்போது எங்கள் குழாயில் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கத்து மேல் வீடுகளுக்குப் போய்ப் பல்லை இளித்து நிற்பேன். ஒரு குடம் கிடைக்கும், அதோடு நாலு பேச்சும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து அந்த நாலு பேச்சையும் அவர் தலையில் கொட்டுவேன். கப்பலிலிருந்து லாரி பாரப் பெட்டியெல்லாம் தூக்குகிற மனுஷனுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரத் துப்பில்லை என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, தினமும் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் இத்தனை காலம் எழுதாமலே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு அவர் கடப்பாரையை எடுத்தார். குழாயடியில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். குழாயை அறுத்து, வாயைக் கீழே இறக்கினார். அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் வந்தது. விரல் தடிமனுக்கு நிஜமான தண்ணீர். நான் கை தட்டினேன். ஐந்து வயதுப் பையன் பள்ளத்துக்குள் குதித்துத் தலையை நீட்டினான். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம்.

பத்தாம் வீட்டில், அதாவது மீன்காரி வீட்டில், அடுத்த நாள் தண்ணீர் நின்றுவிட்டது. அவள் புருஷன் தோண்டினான். பிறகு ஒன்பதாம் வீடு, பிறகு எட்டு. கோடை பாதி தாண்டுவதற்குள் முதல் வீட்டு வாசலிலும் பள்ளம் வந்துவிட்டது. எங்களுக்கு மறுபடியும் காற்றுதான் வந்தது. அவர் இடுப்பு ஆழத்துக்குத் தோண்டினார். மற்றவர்களும் விடவில்லை. கடைசியில் நெஞ்சு ஆழத்துக்குப் போய், இறங்கி ஏற மண்ணிலேயே படி வெட்டினார். பெரியவர்களுக்கு மூன்று படி. நடுவில் பையன் கால் வைக்க ஒரு சின்னப் படி. தோண்டிய மண் தொழிற்சாலை மதிலோரம் மேடாகக் கிடந்தது. எங்கள் பள்ளம்தான் தெருவிலேயே ஆழம். அவருடைய கூட்டாளிகள் வந்து பார்த்துவிட்டு, துறைமுகத்துக்கே கால்வாய் வெட்டலாம் போலிருக்கிறதே என்று கேலி செய்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

தண்ணீர் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. குழாய் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடவேண்டும். குழாயை மூடி வைத்தால் அந்தச் சத்தம் கேட்காது, தண்ணீரும் கிடைக்காது. அதனால் எங்கள் தெருவில் ஒரு குழாய்க்கும் திருகு கிடையாது. பதினோரு வாயும் பள்ளத்துக்குள் திறந்தபடியே கிடக்கும்.

எங்கள் ஆழத்தால் இன்னொரு லாபமும் கிடைத்தது. பெரிய ரோட்டில் தண்ணீரை நிறுத்திவிட்ட பிறகு, மற்ற எல்லாக் குழாயும் காய்ந்த பிறகும், எங்கள் குழாயில் மட்டும் இரண்டு குடம் நிதானமாக வரும். மீதித் தண்ணீர் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஓடுகிற தண்ணீரைப் பிடிக்கும்போது அவசரமும் கூச்சலும். இது சாவகாசமாக வரும். அதனால் குடிக்கிற பானைக்கு இதைத்தான் ஊற்றுவேன். அவருடைய பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுவேன். கொஞ்சம் வாடை அடிக்கும், அது இரும்புக் குழாயின் வாடை என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அதைத்தான் குடித்தார்கள்.

அந்தக் கோடையின் முடிவில் பையனுக்குக் காலையில் வாந்தி ஆரம்பித்தது. அடுத்த நாள் மத்தியானம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் என்னால் எழுதமுடியும்.

காரணங்கள் வந்து உட்கார்ந்தன. கம்பவுண்டர், தெருவில் விற்கிற குச்சி ஐஸ் என்றார். என் வீட்டுக்காரர், தொழிற்சாலைப் புகை என்றார். தெருவில், பையன் கொழுகொழுவென்று இருந்ததால் கண் பட்டுவிட்டது என்றார்கள். நான் மீன்காரியைப் பிடித்தேன். அவள் மீன் கூடையைத் தன் பள்ளத்து ஓரத்தில் கழுவுவாள். செதிலும் ரத்தமும் கலந்த தண்ணீர் எங்கள் பக்கம் வழிந்து வரும். மூன்றாம் நாள், கல்லறைக்குப் போய்த் திரும்புகிற வழியில், தெருவே பார்க்க அவள் எதிரில் போய் நின்று, "என் புள்ளய நீதான் கொன்னே" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவளோடு பேச்சில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தோம்.

அடுத்த கோடையில் அவளுடைய மகளுக்கு வாந்திபேதி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தாள். எனக்கு உள்ளே ஒரு திருப்தி ஏற்பட்டது. அப்படிப்பட்டவளாகத்தான் அப்போது நான் இருந்தேன். பதினைந்து நாள் கழித்து என் நாலு வயதுப் பெண் சோற்றைக் கக்கினாள்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டில். கட்டிலுக்கு நடுவில் ஓட்டை, அடியில் வாளி. கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். ஒரே ராத்திரியில் பெண்ணின் கண் உள்ளே போய், வயதான முகம் வந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கி, ரொம்ப நேரம் துணி துவைத்தவள் கை மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்டு அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. இரண்டாவதையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் ஓடவில்லை.

நர்ஸம்மா சிடுசிடுப்பானவர். அட்டையில் எழுதிக்கொண்டே எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். இந்தக் கோடையில் அந்தத் தெருவிலிருந்து நாலாவது ஆள் இது என்றார். எந்த வீடு என்று கேட்டார். கடைசி வீடு என்றேன். "எல்லாம் கடைசி வீடுங்களாவே வருதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் இடுப்பில் சொருகியிருந்த பையில் எப்போதும் கொஞ்சம் தீக்குச்சி இருக்கும், மருந்து ஒட்டாத கழிவுக் குச்சி. கம்பெனியிலிருந்து அடுப்புக்குக் கொண்டுவருவது. கட்டிலடியில் உட்கார்ந்து அதை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். பதினோரு குச்சி, பதினோரு வீடு. நோய் வந்த வீட்டுக் குச்சியைக் குறுக்கே திருப்பினேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. முதல் ஏழும் நேராகவே நின்றன. வேறு செய்ய ஒன்றுமில்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கம்பெனியில் பார்த்த ஞாபகம் வந்தது. என் மேஜையில் பெட்டிகள் மலையாகக் குவியும். மேஸ்திரி வந்து என்னைத் தின்றுவிடுகிற மாதிரி திட்டுவான். ஆனால் நான் ஒன்றும் மெதுவாக வேலை செய்யவில்லை. மழை நாளில் பசை காயாது. பசை மேஜைக்காரிகள் காயட்டும் என்று வைத்திருந்து, பயந்துபோய் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அவர்களைக் கேட்டால், அட்டை ஈரமாக வருகிறது என்பார்கள். அட்டை ஈரமாக வருவது, இடத்தைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரியே அட்டையை வராந்தாவில் வைத்ததால். இடம் இல்லாமல் போனது, என் மேஜையில் பெட்டி குவிந்ததால். மூன்று வருஷம் திட்டு வாங்கி நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். குவிகிற இடத்தைப் பார்க்காமல் பின்பக்கம் நடந்து போய்ப் பார்க்கவேண்டும். இப்போது இப்படிப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு படிப்பே இருக்கிறதாம். என் பிள்ளை செத்தபோது அந்தப் புத்தி எனக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

மீன் தண்ணீர்தான் காரணம் என்றால் என் வீட்டில் மட்டும் நோய் வந்திருக்கவேண்டும். எட்டாம் வீட்டில் எப்படி வந்தது? வாசல் வழியாக வரவில்லை. குழாய் வழியாகத்தான் வருகிறது. அதுவரை சரியாக யோசித்தேன். அதற்கு மேல் ஆத்திரம் யோசித்தது. குழாய் வழியாக வருவதும் அவளுடைய பள்ளத்து அழுக்குதான், அதை நிரூபிக்கிறேன் பார் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவரை வார்டில் உட்காரவைத்துவிட்டு, துணி எடுத்துவரப் போவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தேன். வழியில் பெட்டிக் கடையில் வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம் இரண்டு பொட்டலம் வாங்கினேன். பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. தெரு முழுக்கப் பிடித்தது. நான் பிடிக்கவில்லை. தண்ணீர் நின்றதும், அவரவர் உள்ளே போனதும், பத்தாம் வீட்டுப் பள்ளத்துக்குப் போனேன். மீன்காரி கூடையோடு வெளியே போயிருந்தாள். பள்ளத்துக்குள் முழங்கால் அளவுக்குக் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. ஓரத்துச் சாக்கடையிலிருந்து கசிந்தது. குழாயின் வாய் அதற்குள் முழுகிக் கிடந்தது. நீலத்தைக் கொட்டி ஒரு குச்சியால் கலக்கினேன்.

பிறகு என் பள்ளத்தில் இறங்கி, குழாய்க்கு அடியில் அலுமினியக் குடத்தை வைத்தேன். மீதித் தண்ணீர் வழக்கம்போல நிதானமாக வந்தது. முதலில் வெறும் தண்ணீர். பாதிக் குடத்தில் ஏதோ நிழல் தெரிகிற மாதிரி இருந்தது. குடம் நிரம்பும்போது நல்ல நீலம். எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆஸ்பத்திரியில் பெண் சாகக் கிடக்கும்போது, அந்தப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

காலிக் கூடையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

"உன் பள்ளத்துல நீலம் போட்டேன். என் கொடத்துல வந்து கீது பாரு. இப்ப இன்னா சொல்றே?"

கூடையை இறக்கி வைத்தாள். குடத்துக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். தன் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு நடந்து வந்து என் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.  நான் அழுகையை எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் சண்டையை.

"ஏமே, என் பள்ளத்து தண்ணி உன் வூட்டாண்ட தானா நடந்தா வந்துச்சு? உன்து ஆழமா கீது. அது இழுக்குது, வருது. நீ தோண்டுனதுக்கு அப்பால எனக்கு ஒரு சொட்டு வர்ல. அதான் நாங்க தோண்டுனோம். பள்ளத்துல எறங்கி எறங்கி ஏறணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா?"

 அவள் முடிக்கவில்லை.

"மீன நான் ஒரு வருசமா இங்க கழுவறதே இல்ல. நீ அன்னிக்கு சொன்னதுலேந்து கடலாண்ட போயிதான் கழுவிகினு வர்றேன். ஒருவேள என்னாலதானோன்னு எனக்கும் பயம். நீ பாக்கவே இல்லியா?"

நான் பார்க்கவில்லை. ஒரு வருஷம் அவளையே திட்டிக்கொண்டிருந்தேன், ஒரு நாள்கூட அவளைப் பார்க்கவில்லை. அவள் வாசல் காய்ந்து கிடந்தது. செதில் ஒன்றுகூட இல்லை. அப்படியும் அவள் பெண்ணுக்கும் வந்தது, என் பெண்ணுக்கும் வந்தது.

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பின்பக்கம் நடந்து பார்த்தோம். அவள் தோண்டியது நாங்கள் தோண்டியதால். நாங்கள் தோண்டியது மேல் வீடுகள் டிரம் டிரம்மாகப் பிடித்ததால். அவர்கள் டிரம்மில் பிடித்தது நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தால். நாங்கள் தோண்டத் தோண்ட அந்தப் பயம் அவர்களுக்கு இன்னும் கூடியது. சாக்கடைக்கு வாட்டம் இல்லை, நின்றது, பள்ளங்களில் கசிந்தது. தினமும் காலையில் என் பள்ளத்தில் கசிந்து நின்றதை நான் மொண்டு மொண்டு எங்கே ஊற்றினேன்? அந்தச் சாக்கடையில்தான். அது மேல் வீட்டுப் பள்ளங்களில் ஊறி, திறந்த குழாய்க்குள் நுழைந்து, சரிந்து சரிந்து எல்லாருக்கும் கீழே கிடந்த என் குழாய்க்கு வந்து, வேட்டியில் வடிகட்டப்பட்டு, என் குடிதண்ணீர்ப் பானைக்குள் போயிற்று. எங்கே தொட்டாலும் சுற்றி என் வாசலுக்கே வந்தது. பிடித்து நிறுத்தித் திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அகப்படவில்லை. அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெறுப்பதற்கு ஒருத்தி இருந்தவரை எனக்குக் காலுக்குக் கீழே தரை இருந்தது.

பானையில் தினமும் எதை ஊற்றினேன், யாருக்குக் கொடுத்தேன் என்று நினைவு அடுத்த அடி வைக்கப் பார்த்தது. நான் விடவில்லை. எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அந்த இரண்டு நாள் நான் மனுஷியாக இல்லை. காய்ச்சின தண்ணீரை ஸ்பூனால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தது. என் உயிரை எடுத்துக்கொள் என்று மாதாவிடம் பேரம் பேசினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேரமும் பொய்யாகத் தெரிந்தது, ஏனென்றால் என் உயிருக்கு அப்போது ஒரு மதிப்பும் இல்லை. நர்ஸம்மா வந்து வந்து படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் விடியும்போது பெண் படுக்கையை நனைத்தாள். அவள் சிறுநீர் கழித்ததற்கு நர்ஸம்மா முதல் முறையாகச் சிரித்தார். பிழைத்துவிட்டாள், இன்னும் மூன்று நாளில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் அந்த ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் அடுத்த பயம் பிடித்தது. எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதே பள்ளத்துக்கா?

நானும் மீன்காரியும் நீலப் பொட்டலத்தோடு வீடு வீடாகப் போனோம். ஒன்பதாம் வீட்டுப் பள்ளத்தில் போட்டு, என் குழாயில் வருகிற இரண்டு குடத்திலும் நீலம் வருவதைத் தெருவுக்கே காட்டினோம். எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் மூடினால் நானும் மூடுகிறேன் என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தனியாக முதலில் மூடுகிறவளுக்கு அன்றைக்கே தண்ணீர் இல்லை, இது எனக்கும் தெரியும். குழாய் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகவே பேசினார். புழல் ஏரியே காய்ந்து கிடக்கிறது, நான் எங்கேயிருந்து அனுப்புவேன், நீங்கள் குழாயை அறுத்ததே குற்றம் என்றார். அவர் சொன்னதும் சரிதான். எல்லாரும் சரியாகவே சொன்னார்கள், அதற்கு நடுவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகிறவரை நின்றோம். வண்டி போனதும் மீன்காரி சொன்னாள்.

"நீ மூடு. ஓடற தண்ணில ரெண்டு கொடம் உனக்கு நான் தர்றேன். நின்னதும் கட்ட வெச்சி என் கொழாய அடச்சிடறேன். மீதி வர்றத நானும் தொடல."

குழாயை அடைத்தால் தண்ணீர் வருகிற சத்தம் கேட்காதே என்றேன். கேட்காவிட்டால் ஒரு நாள் தவறும், இரண்டு நாள் தவறும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஒரு வருஷமாக இவளைத்தான் நான் கொலைகாரி என்று நினைத்திருந்தேன்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மூடி, அவள் அடைத்ததும், ஒன்பதாம் வீட்டில் மீதித் தண்ணீர் வர ஆரம்பித்தது. அவர்களுக்கு ஒரே குஷி. அவர்கள் கண்ணாலேயே நீலத்தைப் பார்த்தவர்கள். போய்ச் சொன்னேன். எனக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைப்பதால் எனக்கு வயிறு எரிகிறது என்று அந்த வீட்டுக்காரி சொன்னாள். கெட்டவள் இல்லை அவள். அவள் வீட்டில் ஏழு பேர். மழை வந்து ஏரி நிரம்புகிறவரை அந்தத் தெருவில் பள்ளங்கள் இருந்தன, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நாங்கள் தெருவைக் காப்பாற்றவில்லை. இரண்டு குழாயை மட்டும் அடைத்தோம்.

பெண் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், பள்ளத்தை மூடவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ஊரே தோண்டி வைத்திருக்கும்போது நாம் மட்டும் மூடி என்ன பயன் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கை காய்த்துப்போகத் தோண்டியவர் அவர். அந்த முதல் நீலக் குடத்தை நான் கொட்டாமல் மூலையில் வைத்திருந்தேன். எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இது என்ன என்றார். பத்தாம் வீட்டுப் பள்ளத்தில் நீலம் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீதித் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று சொன்னேன். பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

மதிலோரம் கிடந்த மண்மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ள ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து அது இறுகிப்போயிருந்தது. பையன் சறுக்கி விளையாடிய பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. நான் கூடையில் அள்ளி அள்ளிப் போட்டேன். மீன்காரி அவள் வாசலில் நின்றிருந்தாள். பிறகு அவளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.  குழாயின் வாய் மறைந்தது. கீழ்ப் படி மறைந்தது. மண் ஏறி ஏறிப் பையனுக்காக வெட்டிய சின்னப் படி வரைக்கும் வந்தது.

அவர் மண்வெட்டியை நிறுத்தினார். அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் ஒரு தினுசாகக் கோணியது.

"இந்தாமே," என்றார். "அவனுக்கும் இத்ததானே குடுத்தோம்?"

 கையிலிருந்த மண்ணை அந்தப் படி மேல் கொட்டினேன்.